வராண்டாவ டவுன்லோட் பண்ண முடியல
ரெண்டு வருஷமா ஆன்லைன்ல படிச்சிட்டு இருக்கேன், அதுக்கு முன்னாடி மூணு வருஷம் காலேஜ் பெஞ்ச தேச்சவன்தான், அதனால ரெண்டு பக்கமும் பேச கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

ஆன்லைன்ல ஒரு சுகம் இருக்கு, மறுக்கல. புரியலன்னா அதே ரெண்டு நிமிஷத்த ஏழு தடவ ஓட்டிப் பாக்கலாம், வாத்தியார் மூஞ்ச சுளிக்க மாட்டார். ஆனா முடிக்கறதுதான் பாடு. 2011ல ஸ்டான்ஃபோர்டு புரொஃபசருங்க செயற்கை நுண்ணறிவு கோர்ஸ ஃப்ரீயா நெட்ல விட்டாங்க, சேர்ந்தவங்க சுமார் 1,60,000 பேர், கடைசி வரைக்கும் வந்தவங்க 20,000 சொச்சம்தான். நான் பாதில விட்ட கோர்ஸ் லிஸ்ட்ட பாத்தா அதுவே பெரிய சாதனைன்னு தோணுது 😄

காலேஜ்ல நான் உருப்படியா கத்துக்கிட்டதுல பாதி கிளாஸ்ல இல்லைங்க, கிளாஸ் முடிஞ்சு வராண்டால நின்னு "டேய் அந்த ரெண்டாவது ஸ்டெப் எப்படிடா வந்துச்சு"ன்னு பக்கத்துல இருந்தவன கேட்டு, அவனுக்கும் தெரியாம, ரெண்டு பேரும் மண்டைய பிச்சுக்கிட்டு கடைசில ஸ்டாஃப் ரூம் வாசல்ல போய் நின்னோம் பாருங்க, அங்கதான். இப்போ டவுட்ட டைப் பண்ணி அனுப்பினா மூணு நாள் கழிச்சு பதில் வருது, அதுக்குள்ள டவுட்டே மறந்துடுது.

லேப் பத்தி கேக்கவே வேணாம். சிமுலேஷன்ல கண்ணாடிக் குழாய் உடையாது, கையும் சுடாது, அப்புறம் எப்படி பயம் வரும்?

சரி, இன்னைக்கு அசைன்மென்ட் டெட்லைன் ராத்திரி 11:59. இப்ப மணி பத்தரை. நான் இங்க போஸ்ட் போட்டுட்டு இருக்கேன்.