ஒரு செமிகோலன், 7,316 கடன் பாக்கிகள்

பத்து வருஷமாக மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸின் கமாண்ட் லைனில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், புழங்குகிறவன் நான். இப்போது இதைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் 6:42க்கு, விருதுநகரில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு வரவேண்டிய கடன் பாக்கி அத்தனையையும் ஒரே என்டரில் பூஜ்யமாக்கிவிட்டேன்.

கடையில் கணக்குப் பார்க்கும் அண்ணன்தான் போன் செய்தார். "தம்பி, 4471ஆம் நம்பர் பார்ட்டி கடையை மூடிட்டுப் போயிட்டாரு. அந்த 3,850 ரூபாயைத் தள்ளிடச் சொல்லிட்டாரு மொதலாளி. நான் நோட்டுல அடிச்சாச்சு, நீங்க கம்ப்யூட்டர்ல அடிச்சிருங்க." ஒரு நிமிஷ வேலை. இதற்கென்றே ஒரு கோப்பில் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். பாக்கியைப் பூஜ்யமாக்கு என்பது முதல் வரி, எந்தப் பார்ட்டிக்கு என்பது இரண்டாம் வரி. முதல் வரியின் கடைசியில் என்றைக்கோ ஒரு செமிகோலன் விழுந்திருக்கிறது. கவனிக்கவில்லை. நம்பரை மட்டும் மாற்றி காப்பி, பேஸ்ட்.

முதலில் கண்ணில் பட்டது பிழை எண் 1064, அதாவது தொடரில் இலக்கணப் பிழை. அது இரண்டாம் வரிக்கு வந்தது. ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்துத்தான் அதற்கு மேலே பார்த்தேன். பொருந்தியவை 11,842, மாறியவை 7,316 என்று இருந்தது. செமிகோலனோடு கட்டளை முடிந்துவிடும்; முதல் வரி மட்டும் தனியாக எல்லாப் பார்ட்டிக்கும் ஓடியிருக்கிறது. கையும் காலும் சில்லிட்டுப் போயின.

செய்த மாற்றத்தைத் திரும்ப அழைக்கும் ரோல்பேக் கட்டளையை அடித்தேன். 'ஓகே' என்றது. அந்த ஓகேயை நம்பாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே நிரந்தரமாக்கும் ஆட்டோகமிட் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும்; நாமாகப் பரிவர்த்தனையை (டிரான்சாக்‌ஷன்) தொடங்காவிட்டால் திரும்ப அழைக்க எதுவும் இருக்காது. இல்லாததைத் திரும்ப அழைத்தாலும் அது ஓகே என்றுதான் சொல்லும்.

அடுத்து நான் செய்த இரண்டு காரியங்கள்தான் அன்றைக்கு உருப்படியானவை. சர்வரை சூப்பர் ரீட் ஒன்லியில் போட்டேன், இனி யாரும் எதையும் எழுத முடியாது. பிறகு ஃப்ளஷ் லாக்ஸ் கொடுத்துப் புது பின்லாக் (டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் பதிவேடு) கோப்பைத் தொடங்க வைத்து, பழைய பின்லாக்குகளை எல்லாம் வேறொரு மெஷினுக்குக் காப்பி செய்தேன். இதற்குள் மணி 6:58 ஆகிவிட்டது. இடையில் 4 பில் விழுந்திருந்தன. கணக்கு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "லோடு ஏறிக்கிட்டிருக்கு தம்பி" என்றார். அப்புறம் அவரே, "சரி, கையால பில்லு போட்டுக்கிறோம், நீங்க பாருங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தினமும் ராத்திரி 2 மணிக்கு டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுக்கிறோம், 14 நாள் கோப்புகள் கையிருப்பில் இருக்கும். அதனால் அதுவரை பெரிய பயமில்லை. அன்றைய டம்பை டெஸ்ட் மெஷினில் விரித்தேன். டேபிள்கள் ஒவ்வொன்றாக வந்தன. பார்ட்டி டேபிளைக் காணோம்.

முந்தின நாள் கோப்பிலும் இல்லை. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். 14 கோப்பையும் திறந்து பார்த்தேன், எல்லாம் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு டேபிளில் வேண்டாத நெடுவரிசை ஒன்றை நீக்கியிருந்தோம். மாத விற்பனை வியூ (டேபிள்களிலிருந்து தொகுத்துக் காட்டும் சேமித்த கேள்வி) ஒன்று அந்த நெடுவரிசையை நம்பியிருந்தது. டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப் டேபிள்களையும் வியூக்களையும் ஆங்கில அகரவரிசைப்படி எடுத்துக்கொண்டே போகும். M எழுத்தில் தொடங்கும் அந்த உடைந்த வியூ வந்ததும் 1356 என்று ஒரு பிழையைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. பார்ட்டி டேபிள் P எழுத்தில் தொடங்குகிறது. ஆக, இரண்டு மாதமாக அது பேக்கப்பில் இல்லவே இல்லை.

கோப்பின் அளவாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டாமா? இல்லை. இருப்பதிலேயே கனமான டேபிள் பில் ஐட்டம்ஸ். அது P எழுத்துக்கு வெகு முன்னால், B எழுத்திலேயே முடிந்துவிடுகிறது. நானும் வாரம் ஒருமுறை அளவைப் பார்த்து, நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடியிருக்கிறது, நல்லது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கிரிப்டும் கண்டுபிடிக்கவில்லை. டம்பை நேராக ஜிஜிப் என்ற சுருக்கும் கருவிக்குள் பைப் செய்திருந்தேன், அதாவது ஒன்றின் வெளியீடு அப்படியே அடுத்ததற்குள் போகும். பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளை வெற்றி என்றால், கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு எல்லாமே வெற்றி. ஜிஜிப் பாவம், தனக்கு வந்ததை ஒழுங்காகச் சுருக்கிக் கொடுத்தது. பிழைச் செய்தி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக அந்த சர்வரின் ரூட் (நிர்வாகி) அஞ்சல்பெட்டிக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஒழுங்காகப் போயிருக்கிறது. அப்படி ஓர் அஞ்சல்பெட்டி இருப்பதையே நான் மறந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, புரோகிராம் கோப்புகளைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பின் கதை. 2017 ஜனவரி 31 அன்று, ராத்திரி வேலையில் இருந்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் டேட்டா கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், டம்ப் எடுக்கும் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாமல் அது சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அனுப்பப்பட்ட மெயில்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் 6 மணி நேர டேட்டா போனது. அவர்கள் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தைக் கேட்டுப் பார்ப்போம் என்று அவர்களின் சப்போர்ட்டைப் பிடித்தேன். 20 நிமிஷம் காத்திருப்பு. வந்தவர் கணக்கு எண், பின் எண் எல்லாம் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு டிஸ்க் பிரதி இருக்கிறது, இப்போதே ரீஸ்டோர் பண்ணட்டுமா என்றார். விற்கும்போது தினசரி பேக்கப் என்றார்களே என்று கேட்டேன், அது வேறு திட்டமாம். இருக்கும் சர்வருக்கு மேலேயே ரீஸ்டோர் ஆகுமா, தனியாக வேறொரு இடத்தில் கிடைக்குமா என்று கேட்டேன். மேலேயேதான் ஆகுமாம். அவசரத்தில் சரி என்று சொல்லியிருந்தால் ஐந்து நாள் பில்களும் போயிருக்கும், அந்த சர்வரில் இருந்த பின்லாக்குகளும் போயிருக்கும். கேட்காமலே உதவ வருகிறவர்களிடம் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் கோப்பும் இதே ஆபத்துதான். ஒவ்வொரு டேபிளுக்கு முன்னாலும் 'இருந்தால் அழித்துவிடு' என்ற வரி தானாகவே இருக்கும். ஓடுகிற டேட்டாபேஸின் மேல் அதைக் கொட்டக் கூடாது.

மிச்சம் இருந்தது பின்லாக் மட்டும். 8.0 பதிப்பில் பின்லாக் இயல்பாகவே இயங்கும், 30 நாள் வைத்திருக்கும். முழு டம்ப் இல்லாததால், டம்பை விரித்து அதன் மேல் பின்லாக்கை ஓட்டும் வழக்கமான வழி அடைபட்டுவிட்டது. ஆனால் வரிசை வரிசையாக, அதாவது ரோ முறையில் எழுதப்படும் பின்லாக்கில் ஓர் அருமை உண்டு. ஒரு வரிசை மாறினால், மாறுவதற்கு முன் எப்படி இருந்தது, மாறிய பின் எப்படி ஆனது, இரண்டையுமே முழுசாக எழுதி வைக்கும். அப்படியானால் அந்த 7,316 பழைய பாக்கியும் அதற்குள் இருந்தாக வேண்டும்.

மைஎஸ்கியூஎல்பின்லாக் கருவியைச் சர்வரிலேயே ஓட்டினேன். தொடக்க நேரம் 18:40, முடிவு நேரம் 18:45. வழக்கமான தலைப்பு வரிகளைத் தவிர வெற்றுத்தாள். பிழையும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறு கோப்பில் தேடினேன். அங்கேயும் அதே. பின்லாக்கே எழுதப்படவில்லையோ என்று அமைப்புகளையெல்லாம் குடைந்தேன். நாற்பது நிமிஷம் போனது இப்படி. தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் உறைத்தது. அந்தக் கருவி நாம் கொடுக்கும் நேரத்தை, அது ஓடுகிற மெஷினின் நேர மண்டலத்தில்தான் புரிந்துகொள்ளும். சர்வர் யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், இருக்கிறது. நம் 18:40 அதற்கு 13:10. மாற்றிக் கொடுத்ததும் கொட்டியது.

கொட்டியது எல்லாம் பேஸ் 64 கிறுக்கல். டிகோட் ரோஸ் விருப்பத்தையும் வெர்போஸையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மனுஷன் படிக்கிற மாதிரி வரும். ஒவ்வொரு வரியும் ### என்று தொடங்கும், வேர் (WHERE) என்ற தலைப்பின் கீழ் பழைய மதிப்புகள், செட் (SET) என்ற தலைப்பின் கீழ் புதியவை. நெடுவரிசைகளின் பெயர்கள் கிடையாது, @1, @2 என்று வரிசை எண்தான். பார்ட்டி எண் @1, பாக்கி @5. டேபிள் அமைப்பை ஒருமுறைக்கு இருமுறை வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

அந்த அப்டேட்டில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். 7,316. முதல் திரையை மூடாமல் விட்டிருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. எவ்வளவு அவமானமாக இருந்தாலும் அந்த டெர்மினலை மூடாதீர்கள்.

இனி ஒரு சின்ன ஆக் (awk, வரிகளை அலசும் கருவி) ஸ்கிரிப்ட், @1ஐயும் பழைய @5ஐயும் பொறுக்கி 7,316 அப்டேட் வரிகளாக எழுதித் தள்ளிவிடும் என்று நினைத்தேன். சில வரிகள் அடி வாங்கின. முன்பணம் கொடுத்த பார்ட்டிகளுக்குப் பாக்கி மைனஸில் இருக்கும். பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைத்திருக்கிறோம். மைனஸ் எண் வந்தால் கருவி -45000 (4294922296) என்று இரண்டு விதமாக எழுதுகிறது, குறி உள்ள எண்ணா இல்லாத எண்ணா என்று அதற்கே தெரியாது. அடைப்புக்குறியை வெட்டி எறிந்ததும் சரியானது.

இடையில் விழுந்த 4 பில்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. பழைய பாக்கியை அப்படியே எழுதினால் அந்த நாலு பார்ட்டிக்குப் புதுக் கடன் அழிந்துவிடும். அப்புறம்தான் தோன்றியது: நான் எல்லாவற்றையும் பூஜ்யம்தானே ஆக்கினேன்? பழைய மதிப்பை எழுதாமல், இப்போது இருக்கும் பாக்கியோடு கூட்டினால் போதும். நாலு பில்லும் தானாகச் சரியாகிவிடும். இந்த ஒரு யோசனைக்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன், அன்றைக்கு வேறு யார் தட்டிக்கொடுக்கப் போகிறார்கள். ஒரே ஆபத்து, தவறி இரண்டு தடவை ஓட்டினால் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். அந்த ஒரு டேபிளை மட்டும் டெஸ்ட் மெஷினுக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்துவிட்டு, நிஜத்தில் எழுதும் தடையை விலக்கி, ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன் போட்டு ஓட்டினேன். நிரந்தரமாக்கும் கமிட்டை அடிக்காமல் மொத்தக் கூட்டலை எடுத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அவர் தினமும் கடை சாத்தும்போது மொத்தப் பாக்கியை நோட்டில் எழுதி வைப்பவர். நோட்டில் அடித்தது போக நேற்றைய மொத்தம், கம்ப்யூட்டரில் ஏறிய இன்றைய கடன் பில், இன்றைய வசூல் என்று வாசித்தார். போனிலேயே கூட்டிக் கழித்தோம். 3,850 ரூபாய் இடித்தது. இருவரும் ஒரு நொடி சும்மா இருந்தோம். "அது நாம தள்ளச் சொன்னதுல்ல தம்பி?" என்றார். அதேதான். 4471ஆம் நம்பர்க்காரரின் பாக்கியும் மற்றவர்களோடு உயிர்பெற்று வந்திருந்தது. கமிட் அடித்தேன். மணி 11:20.

4471ஐ அடிக்கும் வேலையை அன்றைக்கு நான் செய்யவில்லை. கை நடுங்கியது.

மறுநாள் செய்தவை: அந்த உடைந்த வியூவை நீக்கினேன். பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயிலை ஸ்கிரிப்டில் சேர்த்தேன். டம்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் என் போனுக்குச் செய்தி வரும்படி வைத்தேன். கமாண்ட் லைனுக்கு சேஃப் அப்டேட்ஸ் விருப்பத்தை நிரந்தரமாக்கினேன். சாவி நெடுவரிசையோ லிமிட்டோ (எத்தனை வரிசை என்ற வரம்பு) இல்லாத அப்டேட்டை அது ஓட்டவே விடாது. மைஎஸ்கியூஎல்காரர்கள் அதற்கு 'ஐ ஆம் எ டம்மி' என்று இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அண்ணன் பாக்கிப் பட்டியல் கேட்டார். கமாண்ட் லைனிலிருந்தே எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன். "தம்பி, மீதிப் பார்ட்டி எங்கே?"

எனக்கு வார்த்தை வரவில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். சரியாக ஆயிரம் பேர் என்றார். அந்த முழு எண்ணைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது. சேஃப் அப்டேட்ஸ் போட்டால், லிமிட் சொல்லாத, தகவல் எடுக்கும் செலக்ட் கட்டளையையும் அது 1,000 வரிசையோடு நிறுத்திவிடும். அந்த விருப்பத்தை விலக்கி மறுபடி எடுத்து அனுப்பினேன், 11,842 வரிசை. அண்ணன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தார்.