தேவையில்லாத ரிவெட்டுகள்

1930களில் பிரான்சில் கட்டிய புகாட்டி டைப் 57எஸ்சி அட்லாண்டிக் காரைப் பின்பக்கமிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் தையல்தான். முன்கண்ணாடிகள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிளம்பி, கூரையைக் கடந்து, வால்வரை இறங்குகிறது. மட்கார்டுகளின் முகட்டிலும் அதே தையல். மடித்த விளிம்புகள் இரண்டும் எழுந்து நிற்க, அவற்றின் ஊடே வரிசையாக ரிவெட்டுகள். இங்கிலாந்தில் கோவென்ட்ரிக்கு அருகே, அரிய பழைய கார்களின் நகல்களைக் கையாலேயே கட்டும் பட்டறையில் தகட்டு வேலை செய்கிறேன். இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்ததும், அதிகம் எரிச்சலூட்டுவதும் அந்தத் தையலே.

1935 பாரிஸ் கார் கண்காட்சிக்கு, நிறுவனரின் மகன் ழான் புகாட்டி கொண்டுவந்த ஏரோலித் என்ற மாதிரி வண்டியில் பிறந்தது அது. எலெக்ட்ரான் என்ற மக்னீசியக் கலவையை மனத்தில் வைத்து வரைந்த வடிவம். அந்த உலோகம் எடை குறைந்தது. ஆனால் வெல்டிங் தீ பட்டால் பற்றிக்கொள்ளும். எனவே விளிம்பை வெளியே மடித்து ரிவெட் அடிக்கும் வழி. பிறகு 1936 முதல் 1938 வரை கட்டிய நான்கு அட்லாண்டிக்குகளுக்கும் அலுமினியம்தான். தாராளமாக வெல்டிங் வைத்து, தடம் தெரியாமல் தேய்த்திருக்கலாம். தேய்க்கவில்லை. தேவை போன பிறகும் தையல் தங்கிவிட்டது.

நான் முதலில் தொழில் பழகியது கரூரில், பஸ் பாடி கட்டும் பட்டறையில். அங்கே ரிவெட் அடிப்பது தகடு பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க. வரிசை கொஞ்சம் கோணினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், மேலே பெயின்ட் ஏறிவிடும். இங்கே வண்டியைத் தாங்க ஒரு ரிவெட்டும் வேண்டாம். ஆனால் ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினாலும் மொத்த வரிசையும் அசிங்கமாகிவிடும்.

வேலை மரத்தில் தொடங்குகிறது. காரின் வடிவத்தைக் குறுக்கு வெட்டுகளாக அறுத்துப் பூட்டிய மர அச்சின் மேல், அடித்த தகட்டை வைத்து வைத்துப் பார்ப்போம். அலுமினியத்தை மணல் பையில் மரச்சுத்தியலால் குழித்து, பிறகு இங்கிலீஷ் வீலின் இரண்டு உருளைகளுக்கு நடுவே தள்ளித் தள்ளி மேடுபள்ளம் ஆற்றுவது வழக்கம். அடிக்க அடிக்கத் தகடு இறுகும். சுத்தியலின் சத்தமே கூர்மையாகிவிடும். அப்போது நிறுத்திவிட்டு, தகட்டைச் சூடாக்கி மறுபடி இளக்க வேண்டும். இரும்பென்றால் சிவந்து காட்டிவிடும். அலுமினியம் உருகி விழும்வரை முகம் மாறாது. அதனால் முதலில் அசிட்டிலின் புகையால் தகடு முழுதும் கரி பூசிவிட்டு, பிறகு ஆக்சிஜன் திறந்து தீயைக் காட்டுவோம். கரி எரிந்து மறையும் கணம்தான் பதம். அதற்கு மேல் ஒரு நொடியும் தீ நிற்கக் கூடாது. கடைசியில் அரம் ஓட்டினால் மேடு மின்னும், பள்ளம் மங்கலாகவே இருக்கும். அதற்குப் பிறகும் உள்ளங்கைதான் தீர்ப்புச் சொல்லும், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு தடவினால்.

எங்கள் பட்டறையின் மூத்த தகட்டுக்காரர் எனக்குச் சொன்ன முதல் விஷயம் விசித்திரமாக இருந்தது. "இடது மட்கார்டைப் பார்த்து வலதைச் செய்யாதே. அவர்கள் அப்படிச் செய்யவில்லை." கையால் கட்டிய அந்தக் காலத்துக் கார்களில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. இப்போது ஸ்கேன் கருவி இருக்கிறது. ஒரு பக்கத்தை அளந்து கணினியில் திருப்பிப் போட்டால் கச்சிதமான மறுபக்கம் வந்துவிடும். அப்படிக் கட்டிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முகத்தில் உயிர் இல்லை. எதைத் திருத்தாமல் விடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் கடினம். சுத்தியல் பிடிக்கச் சில ஆண்டுகளில் பழகிவிடலாம்.

உடலுக்குக் கீழே இருப்பதையும் அலட்சியமாக விட முடியாது. முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடைத் தூரம் சாதாரண டைப் 57இல் 3.3 மீட்டர், அட்லாண்டிக்குக்கு அடிப்படையான 57எஸ்ஸுக்கு 2.98தான். பின் அச்சு சேசிஸ் என்ற அடிச்சட்டத்துக்குக் கீழே போகாமல், அதன் உள்ளே புகுந்து போகிறது. வண்டி தரையோடு ஒட்டிக் கிடப்பதன் ரகசியம் அதுதான். நீளச் சேசிஸின் மேல் இந்த உடலை ஏற்றினால் யாருடைய கண்ணும் ஏமாறாது.

நான்கில் மூன்று இன்றும் இருக்கின்றன. ழான் புகாட்டி தனக்கென வைத்திருந்த கறுப்பு வண்டி, சேசிஸ் எண் 57453, போர்க்காலத்தில் காணாமல் போனது. அவரும் 1939இல் இறந்துவிட்டார். மிஞ்சியவற்றில் ஒன்று 2010இல் 3 கோடி டாலருக்கு மேல் விலை போனதாகச் செய்தி வந்தது. அப்படியானால் காணாமல் போனது கிடைத்தால் என்ன விலை என்று யாருக்கும் கணக்குப் போடத் தெரியும்.

ஆகவே, எங்களிடம் நகல் கட்டச் சொன்ன ஒருவர் சேசிஸ் எண் தகட்டில் 57453 பொறிக்கச் சொன்னபோது நான் வியக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கத்தானே, யார் வந்து படிக்கப்போகிறார்கள் என்றார். பட்டறையின் வழக்கம் வேறு: எங்கள் வரிசை எண்ணும் கட்டிய ஆண்டும் தகட்டிலும் இருக்கும், சேசிஸை அறுக்காமல் எடுக்க முடியாத இன்னோர் இடத்திலும் இருக்கும். முதலாளி மறுத்துவிட்டார். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பாதி முடிந்த உடல் மூலையில் போர்வைக்கடியில் கிடந்தது. சில மாதம் கழித்துத் திரும்பி வந்தவர், உங்கள் எண்ணே இருக்கட்டும் என்றார். மனம் மாறியதா என்று கேட்டேன். இல்லையாம்; அவருடைய வழக்கறிஞர் சொன்னாராம்.