55 விநாடியில் தொடங்கும் பாட்டு வகுப்பு

அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர் என்று சொன்னால், "ஓ, ஆண்டு விழா டான்ஸ் எல்லாம் நீங்கதானா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். லோயர், ஹையர் என்ற அரசு இசைத் தேர்வுகளை பாஸ் செய்து, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்து வந்தவளுக்கு அது கொஞ்சம் உறைக்கும். ஆனால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நன்றாகப் பாடுகிற எட்டுப் பேரைப் பொறுக்கியெடுத்து விழாவுக்கும் போட்டிக்கும் தயார் செய்வதைத்தான் பல இடங்களில் பாட்டு வகுப்பு என்கிறோம். மிச்சமுள்ள முப்பது பேர் கைதட்டப் பழகுகிறார்கள்.

எனக்கு அந்த முப்பது பேர்தான் கணக்கு.

எங்கள் பள்ளி செஞ்சி பக்கம். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை தெரியாது. ஆனால் எல்லாருக்கும் மோகன ராகம் தெரியும்! தினமும் காலை பிரேயரில் பாடுகிறார்களே, தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனார் எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்தது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே எல்லாம் இருக்கிறது: முல்லைப்பாணி, அதாவது மோகன ராகம், மும்மூன்றாக எண்ணும் திஸ்ர தாளம், 55 விநாடி. ஒலிபெருக்கியில் போட்டுவிடாமல், பழகியவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்கு யார் தரப்போகிறார்கள்?

அதனால் என் முதல் வகுப்பு ஸ்டாப் வாட்ச்சோடு ஆரம்பிக்கும். ஒரு பையன் கையில் என் போனைக் கொடுத்துவிடுவேன். எல்லாரும் பாட வேண்டும், 55-இல் முடிய வேண்டும். முதல் தடவை 43-இலேயே ஓடி முடித்துவிட்டார்கள். அடுத்த தடவை வேண்டுமென்றே இழுத்து ஒரு நிமிடம் தாண்டிப் போனது. அப்புறம்தான் "தகிட தகிட" என்று தொடையில் தட்டச் சொன்னேன். பாட்டின் வேகம் மாறாமல் இருப்பதைச் சொல்லும் காலப்பிரமாணம் என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. ஓடாதே, இழுக்காதே என்று அவர்களே ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டார்கள்.

மரபுப்படி மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்க வேண்டும், தெரியும். என் குருவுக்குத் தெரிந்தால் திட்டுவார். ஆனால் தனியாக உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுப்பது வேறு, நாற்பது பேரை ஒரே அறையில் வைத்துக்கொள்வது வேறு. சட்ஜமத்தை (ச) ஒட்டியே நிற்கும் அந்த ராகத்தின் சுத்த ரிஷபத்தை (ரி) நாற்பது குரலும் ஒரே இடத்தில் பிடிப்பது லேசில்லை. மோகனத்தில் ச, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரம். ஒன்றோடொன்று உரசாமல் தள்ளித்தள்ளி நிற்கும். கொஞ்சம் பிசகினாலும் காது தானாகத் திருத்திக்கொள்ளும். ஹங்கேரியில் பள்ளி இசையை மாற்றியமைத்த கோடாயும், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஐந்து ஸ்வரப் பாட்டுதான் என்றார். அரை ஸ்வரம் அவர்களுக்குக் கஷ்டம் என்பதுதான் காரணம்.

"மிஸ், இவனுக்குப் பாட்டே வராது மிஸ்" என்று பக்கத்துப் பையன் சர்டிபிகேட் கொடுப்பான் பாருங்கள், அங்கேதான் வேலையே இருக்கிறது. பெரும்பாலும் சுருதிதான் பிரச்சினை. பிரேயரில் முன்னால் நிற்கும் பெண்கள் வாயில் வந்த சுருதியில், ஆறு கட்டைக்குப் பக்கமாக எடுத்துவிடுவார்கள் (கட்டை ஏற ஏற சுருதியும் உயரும்). பாட்டு மேலே போகும் இடத்தில் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள், மீதிப்பேர் கத்துகிறார்கள். நாலு கட்டைக்கு இறக்கினால் அதே பிள்ளைகள் பாடுகிறார்கள். குரல் உடைந்துகொண்டிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். அவர்கள் கீழே ச, ப இரண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எங்களிடம் சுருதி பிடிக்கும் தம்பூரா கிடையாது. போனில் இருக்கும் சுருதிச் செயலியின் சத்தம் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. இந்தப் பையன்களின் சத்தம் ஹெச்.எம். அறை வரைக்கும் போகும்.

ஏழாம் வகுப்பில் ஒருவன் வாயே திறக்க மாட்டான். அவன் அப்பா பம்பை அடிப்பவர், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்குத் தவறாமல் போகிறவர். ஒருநாள் நாங்கள் தகிட தட்டிக்கொண்டிருந்தபோது, அவன் பெஞ்சில் இரண்டு கையாலும் அதற்குள்ளேயே இரண்டு மடங்கு வேகத்தில் இரட்டிப்பு போட்டுக்கொண்டிருந்தான், ஒரு தட்டுகூடப் பிசகாமல். அன்றிலிருந்து வகுப்புக்குத் தாளம் அவன்தான். அவன் தட்ட ஆரம்பித்தால் யாரும் ஓடுவதில்லை. இன்னும் பாட மாட்டேன் என்கிறான். சரி, இருக்கட்டும்.

பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கேட்டு கணக்கு சார் வந்து நிற்பார். மதிப்பெண் இல்லாத பாடம், எப்படி மாட்டேன் என்பது? கொடுத்துவிடுகிறேன், கடைசிப் பத்து நிமிஷம் என்னுடையது என்ற நிபந்தனையோடு. போன வாரம் அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவர் கிளம்பிப் போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவரையும் கீழ் ச பிடிக்கிற கோஷ்டியில் சேர்த்துவிட்டேன். அடுத்த டேர்மில் ஏழாம் வகுப்புக்கு ஸ்வரங்களை இரண்டிரண்டாகப் பாடும் ஜண்டை வரிசை, அதுவும் மோகனத்திலேயே.