அம்மா உயிரோடதான் இருக்காங்க, வருஷா வருஷம் எழுதிக் குடுக்குறோம்

எங்க அப்பா சொல்தா. பாண்டில இதுக்கு விளக்கமே வேணாம், வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்கள இங்க அப்படித்தான் சொல்லுவோம். 15 வருஷம் சர்வீஸ் போட்டு பென்ஷனோட வெளிய வந்து, அப்புறம் அங்கயே ஒரு கம்பெனில செக்யூரிட்டியா கொஞ்ச வருஷம் ஓட்டிட்டு, குருசுக்குப்பத்துல வீட்டக் கட்டி வந்து உக்காந்தாரு. அவர் போயி வருஷம் ஆறாச்சு. இப்ப அம்மாவுக்கு அங்கேருந்து ரெண்டு பென்ஷன் வருது, ரெண்டுக்கும் சம்பளம் இல்லாத கிளார்க் நான்தான்.

இத அங்க ரெவர்சியோன்னு சொல்றாங்க, நம்ம ஃபேமிலி பென்ஷன் மாதிரி. ராணுவ பென்ஷன்ல அப்பாவுக்கு வந்ததுல 50 சதவீதம், கம்பெனி வேலைக்கு வர்றதுல 54 சதவீதம். ரூலும் வேற வேற. கம்பெனி பென்ஷனுக்கு 55 வயசு தாண்டியிருக்கணும், சொந்த வருமானம் ஒரு அளவுக்கு மேல போனா குறைச்சிடுவாங்க, ஆனா மறு கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் குடுப்பாங்க. ராணுவ பென்ஷன் அப்படி இல்ல, மறு கல்யாணம் பண்ணாலோ, கல்யாணமே பண்ணாம யாரோடயாவது சேந்து வாழ்ந்தாலோ கட். இத 78 வயசு அம்மாவுக்கு நான் தமிழ்ல படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கணும் பாருங்க. மொத தடவ எனக்கு வாயே வரல, மென்னு முழுங்கி ஒரு வழியா சொன்னா, "இன்னும் ஆள் அமையலன்னு எழுதுடா"ன்னுட்டு கீரை ஆய போயிட்டாங்க.

பணம் ரெண்டும் ஒரே நாள்ல வராது. ராணுவத்தோடது மாசக் கடைசி, இன்னொண்ண அங்க அடுத்த மாசம் 9ஆம் தேதி போடுவாங்க, இங்க வந்து சேர இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும், நடுவுல ஒரு பேங்க் கைமாத்தி விட்டா அவனும் கொஞ்சம் புடிச்சிக்குவான். அப்புறம் யூரோவ ரூபாயா மாத்துறதுக்கு நம்ம ஊர் ஜிஎஸ்டி வேற. 25,000 ரூபா வரைக்கும் 45 ரூபா, அதுக்கு மேல 1 லட்சம் வரைக்கும் தொகைல 0.18 சதவீதம், அதாவது 60,000 வந்தா 108 ரூபா. பெரிய பணம் இல்லதான், ஆனா அம்மா பாஸ்புக்க கண்ணாடி போட்டு பாக்குற ஆளு, "போன மாசம் இவ்ளோ வந்துச்சு இப்ப ஏன் கம்மி"ன்னு கேப்பாங்க, அதுக்கு யூரோ ரேட்டு, ஜிஎஸ்டி எல்லாம் பதில் சொல்ல தெரிஞ்சிருக்கணும்.

என்னோட பெரிய சொதப்பல சொல்லிடறேன். 2020 ஏப்ரல்ல பத்து அரசு பேங்க்க நாலா சேத்தாங்கல்ல, எங்க பேங்க்கும் அதுல மாட்டுச்சு, கோட் எல்லாம் மாறுச்சு, சரின்னு புது விவரத்த பிரான்சுக்கு எழுதி அனுப்புனேன். அங்க எல்லாத்துக்கும் ஐபேன் நம்பர், அதாவது நாட்டோட எழுத்தும் சேந்து வர்ற நீளமான அக்கவுண்ட் நம்பர் கேப்பாங்க, இந்தியாவுல அது கெடையாது, அக்கவுண்ட் நம்பரும் பிஐசி கோடும் குடுக்கணும். பிஐசின்னா ஸ்விஃப்ட் கோடுதான், வெளிநாட்டுப் பணம் எந்த பேங்க்குக்குப் போகணும்னு காட்டுறது. நான் என்ன பண்ணேன், அந்த 11 கட்டத்துல இந்தியாவுக்குள்ள பணம் அனுப்பப் போடுற ஐஎஃப்எஸ்சி கோட அழகா எழுதிட்டேன், அதுவும் 11 எழுத்துதானே, கரெக்டா உக்காந்துடுச்சு! மூணு மாசம் பணம் வரல. நான் அங்க இருக்குறவங்கள திட்டுறேன், பேங்க்ல போயி சண்ட போடறேன், கடைசில ஜெராக்ஸ எடுத்துப் பாத்தா என் கையெழுத்துல என் தப்பு. ஒரு அடையாளம் சொல்றேன், ஐஎஃப்எஸ்சில அஞ்சாவது எடத்துல பூஜ்யம் இருக்கும், ஸ்விஃப்ட்ல அஞ்சு ஆறுல ஐ என் னு நாட்டோட எழுத்து இருக்கும். இன்னொண்ணு, எல்லா பிராஞ்சுக்கும் ஸ்விஃப்ட் கிடையாது, உங்க பேங்க்ல ஃபாரின் பணம் எந்த பிராஞ்சு வழியா வருதோ அதோடத கேட்டு வாங்கணும். தேங்கின பணம் அப்புறம் மொத்தமா வந்துச்சு, ஆனா அந்த மூணு மாசம் அம்மா என்ன பாத்த பார்வை இருக்கே.

பேரு ஒரு தனி ரோதனை. பாண்டி பிரெஞ்சு பேப்பர் எல்லாத்துலயும் முருகன்ல வர்ற உ சத்தத்துக்கு ஓ யு ன்னு ரெண்டு எழுத்து போடுவாங்க, பேங்க்ல வெறும் யு. அதுல இன்ஷியல் வேற, அவங்களுக்கு இன்ஷியல்னா என்னன்னே புரியாது, குடும்பப் பேர் ஒரு கட்டம் சொந்தப் பேர் ஒரு கட்டம்னு கேப்பாங்க. அம்மாவோட பாஸ்போர்ட்ல இருக்குறத ஒரு எழுத்து மாறாம பேங்க்லயும் மாத்தினதுக்கு அப்புறம்தான் நிம்மதி.

டாக்ஸ பத்தி ஒரு வரி, அங்கயே புடிக்கிறது 0, 12, 20 சதவீதம்னு ஸ்லாபா இருக்கு, இங்க கணக்கு காட்டும்போது அரசாங்க பென்ஷனையும் கம்பெனி பென்ஷனையும் ஒண்ணா கொழப்பிடாம ஆடிட்டர்கிட்ட பிரிச்சு சொல்லுங்க.

எல்லாத்துக்கும் மேல சர்த்திஃபிகா தெ வீ, உயிரோட இருக்கற சர்டிபிகேட். வருஷத்துக்கு ஒரு தடவ, தேதி தாண்டுனா பென்ஷன் நிக்கும். 2019லேருந்து பல பென்ஷன் ஆபீஸுக்கும் சேத்து ஒரே சர்டிபிகேட் போதும்னு ஆக்கிட்டாங்க, உங்களோடது அதுல சேந்திருக்கான்னு மட்டும் பாத்துக்கணும். போன தடவ அம்மாவ ஆட்டோல கூட்டிட்டு, அதுல சீல் வைக்கிறவர்கிட்ட கையெழுத்து வாங்க போனேன். அம்மா கையெழுத்துக்கு வால் உண்டு, அப்பா சொல்லிக் குடுத்த ஸ்டைல், கடைசி எழுத்த இழுத்து கீழ ஒரு சுழி. இப்ப கை நடுங்குதா, வால் கட்டத்த தாண்டி சீல் வைக்கிற எடத்துக்கே போயிடுச்சு. அங்க இருந்தவரு வேற ஃபார்ம் கொண்டாங்கன்னுட்டாரு. வெயில்ல திரும்ப ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அதுலேருந்து எப்பவும் ரெண்டு காப்பி எடுத்துட்டுதான் போறது.

இந்த வருஷம் மொபைல் ஆப்ல பண்ணலாம்னு பாத்தேன், பாஸ்போர்ட்ட காட்டி கேமராவுல முகத்தக் காட்டணும். கண்ணாடிய கழட்டுங்கம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கன்னு நான் சொல்ல சொல்ல, அம்மா போன பாத்து சத்தமா போன்ழூர்னு பிரெஞ்சுல வணக்கம் சொன்னாங்க. அந்தப் பக்கம் யாரும் இல்லம்மா, மெஷின்தான் பாக்குதுன்னேன்.

"அட பாவி, அப்ப எதுக்குடா என்ன புதுப் பொடவ கட்ட வச்ச?"