சூப் டப்பாவும் ஸ்குவீஜியும்

மதுரையில் ஒரு ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் நான் அடித்ததெல்லாம் மஞ்சப்பை, ஊறுகாய் பாட்டில் ஸ்டிக்கர், முகூர்த்த நேரத்தில் கல்யாணப் பத்திரிகை. சூப் டப்பாவையும் நடிகை முகத்தையும் ஓவியமாக்கிய அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோல் பற்றிப் படித்ததும் "இதைத்தானே நாமும் செய்றோம்" என்று கொஞ்சம் பொறாமையே வந்தது.

அப்புறம் தொழில் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். 1962-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபெரஸ் கேலரியில் வைத்த 32 கேம்பெல் சூப் டப்பாக்கள் அச்சே இல்லை. தூரிகையால் வரைந்தவை; அடியில் ஓடும் பூ வரிசைக்கு மட்டும் முத்திரை குத்தியிருக்கிறார். அந்த வருஷமே அவர் ஃபோட்டோவை ஸ்கிரீனுக்குக் கொண்டுவந்துவிட்டார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற வலைத்துணியில் எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) பூசி, படம் கறுப்பாக இருக்கும் பாசிட்டிவ் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகும். படாத இடம் தண்ணீரில் கரைந்து, ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையால் இழுக்கும் மைக்கு வழிவிடும். அன்றும் இன்றும் வேலை இதுதான்.

மர்லின் மன்றோ படங்களில் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகி நிற்கும், சில முகங்களில் மை அப்பியிருக்கும். எங்கள் பட்டறையில் அப்படி விழுந்தால் கழிவோடு சேர்த்துப் போட்டுவிடுவோம். அவர் அதை வேண்டுமென்றே விட்டுவைத்தார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் என் மனசு நிற்பது 1968-ல் வந்த சூப் டப்பா தொகுப்பில்தான். பத்து படங்கள், ஒவ்வொன்றிலும் 250 பிரதிகள். அடித்தது நியூயார்க்கின் சால்வடோர் சில்க்ஸ்கிரீன் என்ற வணிக அச்சகம். சிவப்பு காய வேண்டும், அதன் மேல் கறுப்பு ரிஜிஸ்டர் (ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று சரியாகப் பொருந்துவது) பிசகாமல் உட்கார வேண்டும், பொன்னிற வட்டம் நடுவில் விழ வேண்டும். பெரிய தாளில் இது எவ்வளவு கஷ்டம் என்று கை வலித்தவனுக்குத் தெரியும். எந்திரம் அடித்தது போல இருக்கிறது என்று விமர்சகர் சொல்லும் இடத்தில் எனக்கு ஒரு நல்ல பிரின்டர் தெரிகிறார்.

பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ சோப்பு நாரின் கடைப்பெட்டி போலவே வார்ஹோல் செய்த பிரில்லோ பெட்டிகளும் அப்படித்தான். 1964-ல் ஸ்டேபிள் கேலரியில் அடுக்கிய மரப்பெட்டிகள் வார்ஹோலுக்குப் பெயர் வாங்கித் தந்தன. ஆனால் கடையில் விற்ற அசல் அட்டைப்பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓவியர்தான், அரூப ஓவியம் வரைபவர். வயிற்றுப்பாட்டுக்குப் பெட்டி டிசைன்!

பெட்டிகளில் மை இழுக்கக் கூட நின்றவர் ஜெரார்டு மலங்கா. கழுத்து டை துணிக்கு ஸ்கிரீன் பிரின்டிங் செய்து பழகிவிட்டு 1963-ல் வார்ஹோலிடம் சேர்ந்தவர், கவிஞரும்கூட. சம்பளம் மணிக்கு ஒன்றேகால் டாலர். வேலை தெரிந்த ஆளை வார்ஹோல் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், கூலியில் மட்டும் எங்கள் முதலாளியை நினைவுபடுத்துகிறார்.