ஏழு பேருக்கு ஒரு குளியலறை

யாழ்ப்பாணத்தில் நாங்கள் விட்டுவந்தது முற்றமும் கிணறும் உள்ள வீடு. ரொறன்ரோவில், ஸ்காபரோவின் ஒரு தொடர்மாடியில் கிடைத்தது இரண்டு அறை. மாமா, மாமி, நானும் இவரும், இரண்டு பெண்பிள்ளைகள், சின்னவன் என்று ஏழு பேர்.

அந்த இரண்டு அறையும் லேசில் கிடைக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்குக் கிரெடிட், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு, ஏது? முதலில் பார்த்த வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே வை என்றார். ஒன்ராறியோ சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது என்று அண்ணா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிறகு வேறு இடத்தில் அண்ணாவே எங்களுக்குப் பிணையாகக் கையெழுத்து வைத்தார். முதல் மாத, கடைசி மாத வாடகையைக் கட்டித் திறப்பு வாங்கினோம்.

எங்கே படுப்பது என்றுதான் நான் பயந்திருந்தேன். அது ஒரு பின்னேரத்தில் முடிந்த காரியம். மாமா மாமிக்கு ஓர் அறை, பெண்பிள்ளைகளுக்கு மற்றது, நாங்களும் சின்னவனும் ஹோலில். 40 இறாத்தல் அரிசி மூட்டை மாமியின் கட்டிலுக்குக் கீழே.

எங்களை ஆட்டிவைத்தது குளியலறை. இங்கே பாத்ரூம் தரையில் தண்ணீர் போக ஓட்டை கிடையாது. தொட்டிக்குள் நின்று, திரையையும் தொட்டிக்கு உள்ளே விட்டுக் குளிக்க வேண்டும். கிணற்றடியில் அள்ளி ஊற்றியே பழகிய மாமா தரையில் நின்று குளித்திருக்கிறார். மூன்றாம் நாள் கீழ்வீட்டுச் சீலிங் ஒழுகுகிறது என்று கட்டிடத்தைப் பராமரிக்கிற சுப்பரின்டென்டன்ட் வந்து கதவைத் தட்டினார். வெட்கத்தில் மாமா இரண்டு நாள் குளிக்கவே இல்லை. அப்புறம் இவர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் வாளியும் வழுக்காத ரப்பர் விரிப்பும் வாங்கித் தொட்டிக்குள் வைத்தார். மாமா அதில் உட்கார்ந்து, கிணற்றடி போலவே ஊற்றிக் குளித்தார்.

அடுத்தது நேரப் பங்கீடு. 5.30க்கு மாமா, 6க்கு இவர், 7லிருந்து பிள்ளைகள், பிறகு மாமி. எனக்கு இரவு. மூத்தவள் தலைமுழுகும் நாளில் மட்டும் இந்தக் கணக்கு ஒருபோதும் சரிவரவில்லை.

உடுப்புத் தோய்க்கிற மெஷின்கள் பேஸ்மென்டில், கட்டிடம் முழுவதற்கும் பொது. ஞாயிறு விடிய ஆறு மணிக்குப் போனால் மூன்று மெஷின் பிடிக்கலாம்.

குசினியில் மாமி செத்தல் மிளகாய் வறுக்கத் தொடங்கியதும் புகை அலாரம் அலறியது. ஒரு துணியால் மூடிவிடுவோமா என்று கேட்டார். அது சட்டப்படி குற்றம். சரி என்று அடுப்பையும் தாச்சியையும் அண்ணா வீட்டு கராஜுக்குக் கொண்டுபோனோம். பனி தொடங்கினால் கதவைத் திறந்துவைத்து வறுக்க முடியாது. அதனால் ஒக்ரோபருக்குள் ஆறு மாதத்துத் தூளையும் வறுத்து அரைத்து, போத்தல்களில் அடைத்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தார் மாமி.