வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள்

சேலம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது ஏற்காடு அடிவாரப் பக்கம் ஒரு கல்குவாரியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். 2025 பிப்ரவரியில் அங்கே விண்கல்லைப் பற்றித்தான் பேச்சு. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 3.1 சதவீத வாய்ப்பு என்று செய்தி வந்திருந்தது, விழக்கூடிய பாதையில் இந்தியாவும் இருந்தது. "நம்ம பக்கம் விழுமாங்கண்ணா?" என்று டிரில்லிங் பையன் கேட்டான். அந்த மாதமே வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யமானதும், சும்மா பயமுறுத்திவிட்டார்கள் என்றார்கள்.

அப்படியில்லை. முதலில் கொஞ்ச நாள் மட்டுமே பார்த்திருப்பதால் அது வரக்கூடிய இடம் ஒரு நீளமான பட்டையாக இருக்கும். அளக்க அளக்கப் பட்டை சுருங்கும், பூமி அதற்குள் இருக்கும்வரை சதவீதம் ஏறும், வெளியே போனதும் சடாரென்று இறங்கிவிடும்.

எனக்குப் பயம் முன்கூட்டியே கண்ணில் படாதவற்றைப் பற்றித்தான். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்தது சுமார் 20 மீட்டர் கல், சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் யாருமே முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. குவாரியில் தூரத்தில் நிற்கிறவனுக்குப் புழுதி எழுவது முதலில் தெரியும், சத்தம் கிலோமீட்டருக்கு மூன்று விநாடி வீதம் தாமதித்து வரும், இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதே கணக்கில் 30 கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம்! அந்த இடைவெளியில் வெளிச்சத்தைப் பார்க்க ஜனங்கள் ஜன்னலருகே போய் நின்றார்கள், அப்புறம் அதிர்வலை வந்து கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. காயம்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலோர் கண்ணாடியால்தான். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் தன் வகுப்புப் பிள்ளைகள் 44 பேரையும் மேஜைக்கடியில் போகச் சொன்னார், ஒருவருக்கும் காயமில்லை, அவருக்குக் கையில் வெட்டு. அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நெகிழும்.

பெரியதைத் திசைதிருப்பலாம் என்று 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற குட்டிச் சிறுகோள் மீது மோதிக் காட்டிவிட்டது, அது ஒரு சுற்று சுற்றிவரும் நேரம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே தெரிய வேண்டும். 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றிலேயே பாதிக்கும் மேல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று மதிப்பிடுகிறார்கள்.

அதனால் என் வகுப்பில் இதையும் சேர்த்துவிட்டேன்: வானத்தில் கண் கூசும் வெளிச்சம் தெரிந்தால் கண்ணாடியை விட்டு விலகு, குப்புறப் படு, சத்தம் வந்து அடங்கும்வரை எழுந்திருக்காதே. சேலத்துப் பள்ளிகளில் தீ விபத்து ஒத்திகை நடக்கும் அன்றைக்கே இதையும் சொல்லித் தரலாம், ஐந்து நிமிடம் போதும்.